சென்னையில் விபத்துக்குப் பிறகு நஷ்டஈடு: எந்தக் காகிதம், எந்த நாளில், எந்த வாசலில்

"வண்டி சறுக்கி விழுந்துட்டாருங்க."

பெருங்குடியில் என்னைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றிய டீக்கடைக்காரர் மருத்துவமனை வாசலில் சொன்னது இது. பொய் இல்லை. ஓ.எம்.ஆர். சர்வீஸ் ரோட்டில் ராங் ரூட்டில் வந்த 'குட்டி யானை' மினி லாரி ஒன்று என் பைக்கை இடித்தது, அதனால்தான் சறுக்கியது. ஆனால் சறுக்கியதை மட்டும் அவர் சொல்ல, ட்யூட்டி டாக்டர் அந்தப் பாதியையே விபத்துப் பதிவேட்டில் (ஏ.ஆர்.) எழுதிக்கொண்டார். காறை எலும்பு உடைந்து வலியில் கிடந்த நான் அதைக் கவனிக்கவில்லை. கிட்டத்தட்ட இரண்டு வருடம் கழித்து, இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் சாட்சிக் கூண்டில் என்னை நிறுத்தி அந்த ஒரு வரியை நிதானமாக வாசித்துக் காட்டினார். "தானா விழுந்ததா உங்க ஏ.ஆர். காப்பியே சொல்லுதே சார்?"

விபத்து நடந்து 2 வருடம் 7 மாதம் கழித்துத்தான் பணம் என் கைக்கு வந்தது. அதில் ஆறேழு மாதமாவது எனக்கு விவரம் தெரியாததால் வீணானது. உங்களுக்கு அப்படி ஆக வேண்டாம். முதன்முறையாக இதில் மாட்டிக்கொண்டவர்களுக்காக, நடக்கிற வரிசையிலேயே எழுதுகிறேன்.

1. முதல் நாள்: என்ன எழுதுகிறார்கள் என்று பாருங்கள்

108-க்கு அழையுங்கள். பணத்தை நினைத்து ஆஸ்பத்திரிக்குப் போகத் தயங்க வேண்டாம். தமிழ்நாடு அரசின் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை அரசு மருத்துவமனைகளிலும் திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் இலவசம். எந்த ஊர்க்காரர் என்று பார்ப்பதில்லை. 2025-இல் வந்த மத்திய அரசுத் திட்டமும் தனியாக இருக்கிறது. அதில் 7 நாளுக்குள் 1.5 லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லாச் சிகிச்சை உண்டு. சேரும்போதே "இந்தத் திட்டத்தில் எடுப்பீர்களா?" என்று கேட்டுவிடுங்கள். பில் போட்ட பிறகு கேட்டால் யாரும் காதில் வாங்க மாட்டார்கள்.

அடுத்து ஏ.ஆர். காப்பி. விபத்துப் பதிவேட்டில் டாக்டர் எழுதும் குறிப்பு இது. என்ன வண்டி இடித்தது, எங்கே, எத்தனை மணிக்கு என்ற மூன்றும் அதில் வர வேண்டும். "இன்ன இடத்தில் குட்டி யானை மோதியதால் காயம்" என்று உங்களோடு வந்தவர் தெளிவாகச் சொல்லட்டும். வண்டி எண் தெரிந்தால் அதையும் சொல்லலாம். எழுதியதை ஒரு தடவை வாசித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். கேட்டால் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

கூட இருக்கும் நண்பருக்கு ஒரு வேலை கொடுங்கள். இடத்துக்குத் திரும்பிப் போய், இரண்டு வண்டிகளும் நின்ற நிலையைப் படம் எடுக்க வேண்டும். நம்பர் பிளேட், சாலையில் கிடக்கும் கண்ணாடி, பக்கத்துக் கடைகளின் சிசிடிவி கேமராக்கள், எல்லாம் படத்தில் வரட்டும். பல கடைகளில் பதிவு ஓரிரு வாரத்தில் தானாக அழிந்துவிடும். கடைக்காரரிடம் அன்றைக்கே பேசி ஒரு பிரதி வாங்குங்கள், அல்லது அதை எடுக்கச் சொல்லி போலீஸுக்கு எழுதிக் கொடுங்கள். எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் இன்சூரன்ஸ் உயிரோடு இருக்கிறதா என்று தெரியும்.

2. போலீஸ்: பக்கத்து ஸ்டேஷன் அல்ல

நான் நேராகப் போனது சட்டம் ஒழுங்கு ஸ்டேஷனுக்கு. அங்கே அரை மணி நேரம் உட்கார வைத்துவிட்டு, "இது டிராஃபிக் இன்வெஸ்டிகேஷன்ல பாக்கணும்" என்றார்கள். சென்னையில் சாலை விபத்து வழக்குகளைப் போக்குவரத்துப் புலனாய்வுப் பிரிவு பார்க்கிறது. விபத்து நடந்த இடம் எந்தப் பிரிவின் எல்லை என்று 100-இல் கேட்டுக்கொண்டு போங்கள். இரண்டு எல்லை சேரும் இடம் என்றால் அலைச்சல் நிச்சயம்.

புகாரை நீங்களே தமிழில் எழுதிக் கொண்டு போவது நல்லது. தேதி, நேரம், இடம், நீங்கள் எந்தத் திசையில் போனீர்கள், அந்த வண்டி எங்கிருந்து வந்தது, எண், காயம், எந்த மருத்துவமனை. ஒரு பக்கம் போதும். புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கொடுத்து அனுப்பினால் அதோடு நிற்காதீர்கள். நஷ்டஈட்டு வழக்கு நிற்பது எஃப்.ஐ.ஆர். மேல்தான். காயம் இருக்கும் வழக்கில் பாரதிய நியாய சன்ஹிதாவின் 281, 125 பிரிவுகளைப் போடுவார்கள், உயிரிழப்பு என்றால் 106. எஃப்.ஐ.ஆர். நகலைப் புகார் கொடுத்தவருக்கு இலவசமாகத் தர வேண்டும். தமிழ்நாடு காவல்துறையின் இணையச் சேவைப் பக்கத்திலும் எடுக்கலாம்.

இங்கே பலர் விழும் குழி ஒன்று. ஸ்டேஷனுக்கு எதிர்த்தரப்பு ஓனர் வருவார். "புள்ளகுட்டிக்காரன் சார், கேஸ் வேண்டாம், செலவை நான் பார்த்துக்கிறேன்" என்று ஐயாயிரமோ பத்தாயிரமோ கையில் வைப்பார். 'சமாதானமாகப் போகிறோம், மேல்நடவடிக்கை தேவையில்லை' என்று ஒரு தாள் உங்கள் முன் நீட்டப்படும். எலும்பு முறிவு இருக்கும்போது அதில் கையெழுத்துப் போடாதீர்கள். என் பிளேட் வைத்த ஆபரேஷனுக்கு ஆன செலவு அவர் நீட்டிய தொகையைப் போல் பதினெட்டு மடங்கு. உண்மையில் நஷ்டஈட்டைக் கொடுக்கப்போவது அவரில்லை, அவர் வண்டியின் இன்சூரன்ஸ் கம்பெனி. இதை அவருக்கும் பொறுமையாக எடுத்துச் சொல்லலாம்.

இன்னொன்று. 2022 ஏப்ரல் 1 முதல் விசாரணை அதிகாரி 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையும், 90 நாளுக்குள் விரிவான விபத்து அறிக்கையும் நஷ்டஈட்டுத் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். உங்களிடம் படிவம் 6-ஐ நிரப்பித் தரச் சொல்வார்கள். வயது, வருமானம், சிகிச்சைச் செலவு எல்லாம் அதில் வரும். 'அப்புறம் தருகிறேன்' என்று விட்டுவிடாதீர்கள்.

3. வண்டியை ரிப்பேருக்கு விடாதீர்கள், இப்போதைக்கு

போலீஸ் வழக்கு இருந்தால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தின் மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டியைப் பார்த்து அறிக்கை தர வேண்டும். எம்.வி.ஐ. ரிப்போர்ட் என்பார்கள். பிரேக் சரியாக இருந்ததா, எந்தப் பக்கம் அடி என்பது அதில் இருக்கும். எந்தப் பக்கம் அடி என்பதுதான் பின்னால் என்னைக் காப்பாற்றியது. சறுக்கி மட்டும் விழுந்த வண்டிக்கு ஒரு பக்கம் முழுக்கத் தேய்ந்திருக்கும். என் வண்டிக்கோ வலது ஃபுட்ரெஸ்ட் உள்ளே மடங்கி, சைலன்சரில் நீல பெயிண்ட் ஒட்டியிருந்தது.

ஸ்டேஷனில் வண்டியை விடும் முன் நாலு பக்கமும் படம் எடுங்கள். பெட்டியில் இருக்கும் ஆர்.சி., ரெயின்கோட், சார்ஜர் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். ஆய்வு முடிந்ததும் ஆர்.சி., லைசென்ஸ், பாலிசி, ஆதார் நகல்களோடு போனால் வண்டி கிடைக்கும். சில வழக்குகளில் கோர்ட்டில் மனுப் போட்டு எடுக்க வேண்டிவரும்.

4. வண்டிச் சேதம்: உங்கள் சொந்த பாலிசி

நிறையப் பேர் குழம்புவது இங்கேதான். உங்களுக்கு முன்னால் இரண்டு வாசல் இருக்கிறது. வண்டி ரிப்பேருக்கு உங்கள் சொந்த பாலிசி, உடல் காயத்துக்கு இடித்தவரின் இன்சூரன்ஸ். முதலாவது சில வாரம், இரண்டாவது சில வருடம்.

உங்களிடம் 'தர்ட் பார்ட்டி' (நம் வண்டியால் மற்றவருக்கு ஆகும் இழப்புக்கான பாலிசி) மட்டும் இருந்தால் முதல் வாசல் மூடியிருக்கிறது. ரிப்பேர் செலவையும் இடித்தவரின் இன்சூரன்ஸிடம் தீர்ப்பாயத்தில்தான் கேட்க வேண்டும். பில்களை ஜிஎஸ்டி எண்ணோடு வாங்கி வையுங்கள். பக்கத்துத் தெரு மெக்கானிக் துண்டுச் சீட்டில் எழுதித் தருவது அங்கே செல்லாது.

முழு பாலிசி இருந்தால் அன்றைக்கோ மறுநாளோ கம்பெனிக்குத் தகவல் சொல்லி க்ளெய்ம் எண் வாங்குங்கள். தாமதத்துக்குக் காரணம் கேட்பார்கள். தகவல் போன 24 மணி நேரத்தில் சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் ஒதுக்கப்பட வேண்டும், 15 நாளில் அவர் அறிக்கை, அதிலிருந்து 7 நாளில் முடிவு. இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் 2024 முதலான விதி இது. சர்வேயர் பார்க்கும் முன் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றக் கூடாது என்று ஒர்க்‌ஷாப்பில் சொல்லிவிடுங்கள்.

பில் 18,000 என்றால் 18,000 கைக்கு வராது. பிளாஸ்டிக், ரப்பர், டயர், பேட்டரிக்கு 50 விழுக்காடு தேய்மானம் கழிப்பார்கள். உலோகத்துக்கு வண்டியின் வயதுப்படி. கண்ணாடிக்குக் கழிவு இல்லை. இரண்டரை வருட பைக் ஒன்றின் கணக்கைப் பாருங்கள்: பிளாஸ்டிக் பாகம் 8,000, அதில் 4,000 கழியும். உலோகம் 5,000, அதில் 15 விழுக்காடு, அதாவது 750 கழியும். கூலி 3,000 முழுதாகக் கிடைக்கும். பெயிண்ட் வேலை 2,000, அதில் கால்வாசியைப் பெயிண்ட் பொருள் என்று வைத்து அதற்குப் பாதி, 250 கழியும். கட்டாயக் கழிவு பைக்குக்கு 100. ஆக 5,100 உங்கள் பையிலிருந்து, 12,900 கம்பெனியிலிருந்து. 'ஜீரோ டெப்' எடுத்தவர்களுக்குத் தேய்மானக் கழிவு இருக்காது. 1500 சிசி வரை கார் என்றால் கட்டாயக் கழிவு 1,000, அதற்கு மேல் 2,000.

சின்னக் கீறலுக்கு க்ளெய்ம் போடும் முன் 'நோ க்ளெய்ம் போனஸ்' கணக்கைப் போட்டுப் பாருங்கள். க்ளெய்ம் போடாத வருடங்களுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி இது. என் மைத்துனர் கார் பம்பருக்கு 5,000 ரூபாய் வாங்கப் போனார். அவருக்கு 50 விழுக்காடு போனஸ் ஓடிக்கொண்டிருந்தது. சேதப் பகுதிக்கான பிரீமியம் 12,000 என்று வைத்தால், க்ளெய்ம் போட்ட பின் போனஸ் பூஜ்யமாகி மறுபடி 20, 25, 35, 45 என்று ஏறி 50-ஐத் தொட ஐந்து வருடம் ஆகும். அதற்குள் போகும் தள்ளுபடி ஏறக்குறைய 15,000. பேப்பரில் எழுதிக் காட்டியதும் பம்பரை அப்படியே விட்டுவிட்டார், இன்னும் அப்படியேதான் ஓட்டுகிறார்.

கம்பெனி நியாயமில்லாமல் மறுத்தால் முதலில் எழுத்தில் புகார். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டால், அல்லது பதில் திருப்தி இல்லாவிட்டால், அண்ணாசாலை தேனாம்பேட்டையில் உள்ள இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளர் அலுவலகம். ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. ஆனால் இடித்தவரின் இன்சூரன்ஸ் மேலான புகாரை அங்கே எடுக்க மாட்டார்கள்.

அதே பாலிசியில் 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பும் இருக்கும். கை உடைந்தால் அதில் பணம் வரும் என்று நானும் நம்பினேன். வராது. உயிரிழப்பு, கை கால் அல்லது கண் இழப்பு, நிரந்தர முழு ஊனம் இவற்றுக்குத்தான்.

5. உடல் காயம்: ஆறு மாதம் என்று சுவரில் எழுதி வையுங்கள்

உடல் காயத்துக்கான மனு மோட்டார் வாகனச் சட்டம் 166-ஆம் பிரிவில், விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் போட வேண்டும். சென்னையில் அது உயர் நீதிமன்ற வளாகத்துக்குள் இருக்கும் சிறு வழக்குகள் நீதிமன்றம். எல்லோரும் 'ஸ்மால் காஸஸ் கோர்ட்' என்றுதான் சொல்வார்கள். உங்கள் வழக்குக்கு ஒரு எம்.சி.ஓ.பி. (மோட்டார் விபத்து இழப்பீட்டு மனு) எண் கிடைக்கும். விபத்து விழுப்புரத்தில் நடந்து நீங்கள் குடியிருப்பது சென்னை என்றால் இங்கேயே போடலாம்.

கெடு, விபத்து நடந்த நாளிலிருந்து 6 மாதம். 2022 ஏப்ரலுக்கு முன் பல வருடம் இப்படிக் கெடு இல்லை, அதனால் பழைய ஆட்கள் "அதெல்லாம் எப்ப வேணா போடலாம்" என்பார்கள். இந்த விதியை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை வழக்குகள் போயிருக்கின்றன. அதை நம்பி நாளைக் கடத்தாதீர்கள். போலீஸ் அனுப்பும் விரிவான அறிக்கையையே மனுவாக எடுத்துக்கொள்ள வழி உண்டு. அதையும் நம்பி உட்கார வேண்டாம்.

பைக்கின் பின்னால் உட்கார்ந்து வந்து, ஓட்டியவர் தவறால் அடிபட்டீர்களா? அந்த பைக்குக்கு தர்ட் பார்ட்டி மட்டும் இருந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி கைவிரிக்கும். முழு பாலிசி என்றால் கேட்கலாம்.

6. ஃபைல்

ஒரு நல்ல ஃபைல் வாங்குங்கள். போலீஸ் பக்கத்துக் காகிதங்கள்: எஃப்.ஐ.ஆர்., ரஃப் ஸ்கெட்ச் (விபத்து நடந்த இடத்தின் வரைபடம்), எம்.வி.ஐ. ரிப்போர்ட், பின்னர் குற்றப்பத்திரிகை. மருத்துவப் பக்கம்: ஏ.ஆர். காப்பி, காயச் சான்று, டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, ஒவ்வொரு மருந்து பில்லும். மருந்துக் கடை பில்லில் பேஷன்ட் பெயரும் டாக்டர் பெயரும் இல்லையென்றால் எதிர்வக்கீல் அடித்துத் தள்ளுவார். பிஸியோதெரபிக்குப் போன ஆட்டோச் செலவுக்கும் செயலி ரசீதை எடுத்து வையுங்கள்.

பெரிய குழி, மெடிக்ளெய்ம். ஒரிஜினல் பில்களையெல்லாம் அங்கே கொடுத்துவிட்டு ஜெராக்ஸோடு கோர்ட்டுக்குப் போனேன், செல்லாது என்றார்கள். கொடுக்கும் முன்பே மருத்துவமனை சீல் வைத்த நகல் ஒரு செட், கம்பெனி எவ்வளவு கொடுத்தது என்ற கடிதம் ஒன்று, இரண்டையும் வாங்கிவிடுங்கள்.

வருமானச் சான்று: சம்பளச் சீட்டு, ஃபார்ம் 16, வங்கிக் கணக்கு விவரம், எத்தனை நாள் சம்பளமில்லா விடுப்பு என்று ஆபீஸ் கடிதம். டெலிவரி வேலை பார்ப்பவர்கள் செயலியில் வரும் வாராந்திர வருமானத்தை உடனே இறக்கி வையுங்கள், ஐடி முடக்கப்பட்டால் பிறகு எடுக்க முடியாது. சான்று எதுவும் இல்லாவிட்டால் நீதிபதி ஒரு உத்தேச வருமானம் வைப்பார். அது பெரும்பாலும் நீங்கள் சம்பாதித்ததைவிடக் குறைவாக இருக்கும்.

7. வக்கீல்

ஆஸ்பத்திரி வார்டுக்கே விசிட்டிங் கார்டோடு வருபவரை அன்போடு அனுப்பிவிடுங்கள். எனக்கு மயக்க மருந்து தெளிந்த அன்று சாயங்காலமே ஒருவர் வந்தார், ஆப்பிளோடு.

'வருவதில் இத்தனை விழுக்காடு' என்று பேசுவது பார் கவுன்சில் விதிப்படி தவறு. நடப்பில் அப்படித்தான் பேசுகிறார்கள். தொகையைப் பேசி எழுதி வாங்குங்கள். வக்காலத்துத் தவிர வேறு வெற்றுத்தாளில் கையெழுத்து, வெற்றுக் காசோலை, பாஸ்புக் ஒரிஜினல் எதையும் கொடுக்காதீர்கள். எம்.சி.ஓ.பி. எண்ணைக் கேட்டு வாங்கி இ-கோர்ட்ஸ் செயலியில் நீங்களே வாய்தா தேதியைப் பாருங்கள். என் முதல் வக்கீல் நாலு மாதம் "நடக்குது சார்" என்றார். செயலியில் பார்த்தால் மனுவே எண் ஆகாமல் திரும்பியிருந்தது.

வசதி இல்லாதவர்களுக்கு உயர் நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவச வக்கீல் தருகிறது. பெண்கள், பட்டியல் இனத்தவர், மாற்றுத்திறனாளிகள் என்றால் வருமானமே பார்ப்பதில்லை. தொலைபேசி 15100.

8. ஊனச் சான்று, சாட்சி, லோக் அதாலத்

சிகிச்சை முடிந்த பின் தீர்ப்பாயம் உங்களை அரசு மருத்துவமனையின் மெடிக்கல் போர்டுக்கு அனுப்பும். எல்லா எக்ஸ்ரேயும் கையில் இருக்கட்டும். அவர்கள் போடும் விழுக்காடு எப்படிப் பணமாகிறது என்பதில்தான் பெரிய வித்தியாசம். 34 வயது, மாதம் 25,000 சம்பளம், 10 விழுக்காடு ஊனம். ஒரு விழுக்காட்டுக்கு 5,000 என்று கணக்கிட்டால் 50,000. அந்த ஊனம் வேலையையே பாதிக்கிறது என்று நிரூபித்தால் ஆண்டு வருமானம் 3 லட்சம், அந்த வயதுக்கான பெருக்கல் எண் 16, அதில் 10 விழுக்காடு: 4,80,000. எனவே 'கை வலிக்கிறது' என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். நான் அச்சகத்தில் பேப்பர் கட்டைத் தோளுக்கு மேல் தூக்க முடியாமல் வேறு பிரிவுக்கு மாற்றப்பட்டேன். அந்த மாற்றல் கடிதம்தான் பேசியது.

அப்புறம் அந்த ஏ.ஆர். வரி. டீக்கடைக்காரரே சாட்சிக்கு வந்து, "நான் அவசரத்துல பாதிதான் சொன்னேங்க" என்றார். உதவி செய்தவரைச் சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்த முடியாது, சட்டத்தில் பாதுகாப்பு இருக்கிறது. அவராக வந்தார். அவர் வாக்குமூலம், எம்.வி.ஐ. ரிப்போர்ட், நீல பெயிண்ட் படம் மூன்றும் சேர்ந்துதான் அந்த வரியை மறக்கடித்தன.

நடுவில் சமரசம் பேசி முடிக்கும் லோக் அதாலத்துக்குக் கூப்பிடுவார்கள். அங்கே முடித்தால் அப்பீல் கிடையாது, பணம் சீக்கிரம் வரும். எனக்கு 1.9 லட்சம் பேசினார்கள், மறுத்தேன். சின்னக் காயம் என்றால் முடித்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. வருமானத்தைத் தொட்ட காயம் என்றால் கணக்குப் போட்டுவிட்டுப் பேசுங்கள்.

9. இடித்தவர் ஓடிவிட்டால், இன்சூரன்ஸ் இல்லாவிட்டால்

வண்டியே தெரியாத வழக்குக்குத் தனித் திட்டம்: பலத்த காயத்துக்கு 50,000, உயிரிழப்புக்கு 2 லட்சம். வருவாய்க் கோட்டாட்சியர் அலுவலகத்தில் மனு. இன்சூரன்ஸ் இல்லாத வண்டி என்றால் ஓனர் சொத்துமேல்தான் போக வேண்டும், நீண்ட வழி. யார் தவறு என்று நிரூபிக்கத் திணறுபவர்களுக்கு 164-ஆம் பிரிவு உண்டு: பலத்த காயத்துக்கு 2.5 லட்சம், உயிரிழப்புக்கு 5 லட்சம், தவறைக் காட்டத் தேவையில்லை. அரசு பஸ் இடித்திருந்தால் நஷ்டஈடு தர வேண்டியது போக்குவரத்துக் கழகமே. 'அரசுப் பேருந்து ஜப்தி' என்று பேப்பரில் வருவதெல்லாம் பெரும்பாலும் இந்தக் கதைதான்.

10. தீர்ப்புக்குப் பின்

எனக்கு 3.6 லட்சம், மனுப் போட்ட நாளிலிருந்து 7.5 விழுக்காடு வட்டி. இரு தரப்பும் 90 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் அப்பீல் போகலாம், ஆகவே தீர்ப்பு வந்த வாரமே பைக் பார்க்கக் கிளம்பாதீர்கள். கம்பெனி தீர்ப்பாயத்தில் கட்டும், அங்கிருந்து உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும்.

அந்தக் கணக்கில் ஒரு சிக்கல் எனக்கு ஐந்து வாரம் தின்றது. மனுவில் என் பெயருக்கு முன்னால் இனிஷியல், பாஸ்புக்கில் பெயருக்குப் பின்னால், ஆதாரில் அப்பா பெயர் முழுதாக. மூன்றும் ஒரே ஆள் என்று பிரமாணப் பத்திரம் போட வேண்டியதாயிற்று. மனுப் போடும் முன்பே பாஸ்புக்கையும் ஆதாரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் புள்ளி உட்பட ஒத்துப் பாருங்கள். மாறியிருந்தால் வங்கியில் அன்றைக்கே திருத்தப் படிவம் கொடுத்துவிடுங்கள்.